ஊரும் காவலும் துறையும்

ஊர்காவற்றுறை என்னும் பெயரைத் தமிழ்நாட்டு அன்பர் ஒருவருக்கு ஒருமுறை எழுதிக் காட்டினேன். அவர் அதனைப் படித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் முகவரியா என்று வினவினார். அவர்மீது குறை கூறுவதற்கில்லை. அந்நாட்டிலே பொலிஸ் என்பதனைக் காவல்துறை என வழங்குவர். இலக்கணப்படி புணர்த்தினால் அது காவற்றுறை என்றே ஆகும். எமக்கோ துறை என்பது தோணி அணையும் துறை. ஊரைக் காக்கும் துறைமுகம் என்பதே அப்பெயரின் பொருளென எம்மவர் கொண்டனர்.

நகைப்புக்கிடமான அவ்வுரையாடல் பின்னர் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஊர், காவல், துறை என்னும் மூன்று சொற்களும் ஒரு பெயரில் இணைந்து நிற்கின்றன. வாழ்க்கையில் அவை எப்பொழுதும் அவ்வாறு இணைந்து நின்றனவா? ஊரைக் காப்பவர் யாவர்? காவலர் தொகையைப் பெருக்கினாற் களவு குறையுமா? இவ்வினாக்களை இன்று பல தேசத்து ஆராய்ச்சியாளர் அளந்தும் எண்ணியும் ஆராய்ந்து வருகின்றனர். யான் பொலிஸ் உத்தியோகத்தனும் அல்லேன், சட்டத்தரணியும் அல்லேன்; தீவகத்திற் பிறந்து, கல்லூரி விடுதியிற் படித்து, பிறருக்குப் படிப்பித்து ஓய்ந்தவன். யூபிலி மலர்க் குழுவினர் ஒரு கட்டுரை வேண்டியபோது, அவ்வாராய்ச்சிகளை எமது தீவுகளின் வரலாற்றோடு ஒட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

எமது தீவகத்திற் பொதுமக்கள் பாதுகாப்பைப் பற்றி எழுத்திற் கிடைக்கும் பழைய சான்று ஒரு கல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அத்தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. அவன் 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்டவன். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் அரசன் அதிற் கட்டளையிடுகின்றான். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, ஏனைய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகப் பொருள் கொண்டுவரும் கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. இவை அச்சாசனம் வகுத்த விதிகள்.

இதனைப் படிப்போர் பெரும்பாலும் வாணிபச் செய்தியாகவே படித்துச் செல்வர். குற்றத் தடுப்புப் பற்றிய செய்தியாகவும் இதனைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். ஆழங்குறைந்த கடலும் பாறைத் திட்டுக்களும் நிறைந்த இடத்திற் கலம் உடைவது புதுமையன்று. உடைந்த கலத்தின் பொருள் யாருடையது என்ற விதி இல்லாத கரையில், அது முதலிற் கண்டவனுடையது ஆகிவிடும். அரசன் கரைநெடுகக் காவலரை நிறுத்தியதாகச் சாசனத்திற் காணோம். எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு உடையவனுக்கு என்பதனை முன்னரே யாவரும் அறியச் செய்கின்றான். தான் எடுக்கும் பங்கையும் மறைக்கவில்லை; யானையிலும் குதிரையிலும் தனக்குள்ள ஆசையையும் மறைக்கவில்லை. அதுவும் தமிழிற் பொறித்திருக்கின்றான். துறைக்கு வருபவரும் துறையில் வாழ்பவரும் எம்மொழியைப் படிப்பரோ, அம்மொழியில் விதி இருக்கவேண்டும் என்பது பொலனறுவை வேந்தனுக்குத் தெரிந்திருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் அதனை மறந்தமை பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

போர்த்துக்கேயர் இத்துறையை யானைத் துறை என்றனர். துறை என்பதற்கு அவர்கள் வழங்கிய சொல்லே கயிற்ஸ் எனத் திரிந்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் அவர்கள் எழுப்பிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, அம்மன்னீல் எனப் பெயரிட்டனர். பன்றித் தொடை இறைச்சியின் குதிகால் என்பது அப்பெயரின் பொருளாம். அது பிற்காலத்திற் சிறைச்சாலையாயிருந்து, இப்பொழுது கடற்படையினர் நடத்தும் விடுதியாக இருக்கின்றது. அந்தக் கோட்டை வாயிலைக் காத்தது. வாயிலுக்குள் இருந்த ஊரை அது காத்ததாகச் சொல்ல முடியாது. பீரங்கிக்கு மாட்டுக் கள்ளன் தெரியான்.

ஊருக்குள் வந்த பொலிஸின் பிறப்பை அறிவது நலம். இலண்டன் மாநகரிலே 1829இல் சேர் றொபேட் பீல் அமைத்த பொலிஸ், ஆயுதம் தாங்காது தெருவில் நடந்து, அயலவரோடு பழகும் படையாகக் கருதப்பட்டது. குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டதோ பெரும்பாலும் அயர்லாந்து மாதிரி. அது முகாமில் வாழ்ந்து, துப்பாக்கி ஏந்தி, ஆளப்படுவோரினின்றும் விலகி நிற்பது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு செத்தெம்பர் 3ஆந் தேதி உவில்லியம் றொபேட் காம்பெல் தலைமையதிகாரியாகப் பதவியேற்றார். அந்நாளே இன்றுவரை பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. பன்முறை திருத்தப்பட்டும் அச்சட்டமே இன்றும் பொலிஸின் தாய்ச் சட்டமாக இருப்பது வியப்பளிக்கும். 1913 முதல் 1937 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் பொலிஸ் மாஅதிபராயிருந்த சேர் ஹேபேட் டௌபிகின் கண்டிப்பு மிக்கவர். 1929ஆம் ஆண்டுக் கலகத்தின் பின்னர்ப் பலத்தீனப் பொலிஸைச் சீர்திருத்த வழி கூறுமாறு பிரித்தானிய அரசு இலங்கையிலிருந்து அவரைத்தான் அனுப்பியது. இலங்கை அத்தகைய காவலுக்கு ஒரு பள்ளிக்கூடமாகக் கருதப்பட்டது போலும்.

ஆயினும் அக்காலத்திலே தீவகத்து ஒழுங்கைகளில் நாளாந்தம் நடந்தவர் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர், விதானையார். மணியகாரன், உடையார், விதானை என்னும் அடுக்கில் அவரே கீழ்ப்படி. பெரும்பாலும் சம்பளம் என்று சொல்லத்தக்க சம்பளம் அவருக்கு இருந்ததில்லை, மதிப்பு இருந்தது. என் சிறுபிராயத்து நிகழ்ச்சி ஒன்று நினைவில் நிற்கின்றது. எங்கள் அப்புவின் கறவைப் பசு ஓரிரவிற் காணாமற் போயிற்று. விடியுமுன் விதானையார் படலையடியில் வந்து நின்றார். கொப்பி எடுக்கவில்லை, பேர் ஊர் கேட்கவில்லை. ஆச்சியைப் பார்த்து, “இராத்திரி ஆற்றை நாய் முதலிற் குலைச்சது, ஆச்சி?” என்று மட்டும் கேட்டார். ஆச்சி மேற்கு ஒழுங்கையைக் காட்டினா. அதற்கடுத்த வீட்டு நாய் குரைத்ததா, அதற்கும் அடுத்ததா என விசாரித்துக்கொண்டே நடந்தார். வெயில் ஏறுமுன் பசு அயற்குறிச்சிப் பனங்கூடல் ஒன்றிற் கட்டியபடி கண்டெடுக்கப்பட்டது.

இதனைக் கேட்போர் அந்தப் பொற்காலம் மீளாதா என்று ஏங்குதல் கூடும். மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். சில நாட்களின் பின் கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவரின் இரண்டு ஆடுகள் களவு போயின. அவர் அதே விதானையாரின் முற்றத்தில் வெயிலில் நின்று முறையிட்டார். விதானையார் திண்ணையை விட்டு எழும்பவில்லை. நாய்கள் அன்றும் குரைத்திருக்கும். சாதியும் காணிப் பகையும் யார் முறைப்பாடு முறைப்பாடாகும் என்பதைத் தீர்மானித்த காலம் அது. பிரித்தானியர் கால இலங்கையின் குற்றங்களை ஆராய்ந்து ஜோன் றொஜேர்ஸ் 1987இல் வெளியிட்ட நூலும், மாட்டுக் களவு செழித்ததற்கு ஊர்த்தலைமைக்காரர் சிலரின் உடந்தை ஒரு காரணம் என்பதை எடுத்துரைக்கின்றது. 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தனர். இப்பொழுது அவர் கிராம அலுவலர். தலைமைக்காரரை ஒழித்தது நன்றே. அவர்களோடு சேர்ந்து, நாய் குரைத்த திசையை அறிந்த அறிவும் ஒழிந்து போயிற்று என்பதே என் குறை.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். காவலர் ஊர்தியில் அடிக்கடி சுற்றிவந்தாற் குற்றம் குறையும் என்பது உலகெங்கும் ஐயமின்றி நம்பப்பட்ட கொள்கை. ஐக்கிய அமெரிக்காவிலே கன்சாஸ் நகரப் பொலிஸார் 1972 ஒக்தோபர் முதல் ஓராண்டு இதனைச் சோதித்தனர். பதினைந்து வட்டாரங்களை மூன்றாக வகுத்தார்கள். ஐந்தில் ரோந்தை முற்றாக நிறுத்தி, அழைப்பு வந்தாற் மட்டும் சென்றார்கள். ஐந்தில் வழமைபோல் விட்டார்கள். ஐந்தில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். ஆண்டு முடிவிற் களவிலோ கொள்ளையிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இன்னும் வியப்பு யாதெனில், ரோந்து கூடியதையும் குறைந்ததையும் மக்களிற் பெரும்பாலோர் உணரவே இல்லை. கண்ணாடி மூடிய ஊர்தி ஒன்று விரைந்து செல்வதால் ஊருக்கு யாது பயன் என்ற வினா அதன்பின்னரே உரத்து எழுந்தது.

பின்னர் நியூவார்க் நகரிற் காவலரை ஊர்தியினின்றும் இறக்கி நடக்கவிட்டனர். குற்றத்தின் தொகை அதனாற் பெரிதும் குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது, பொலிஸ்பால் மதிப்பு உயர்ந்தது என 1981இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. மினியாப்பொலிஸ் நகரில் லோறன்ஸ் சேர்மன் என்பாரும் துணைவரும் பொலிஸுக்கு வந்த அழைப்புக்களை முகவரி வாரியாக எண்ணிப் பார்த்தனர். நகரின் நூற்றுக்கு மூன்று முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புக்கள் வந்திருந்தன. 1989இல் வெளியான இக்கணக்கு பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது. குற்றம் ஊரெங்கும் தூவப்பட்டதன்று. சில மூலைகளிற் குவிவது. அந்த மூலைகளிலே காவலர் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நின்று போவதே நற்பயன் தரும் என்றும், அதற்குமேல் நிற்பதால் விளையும் பயன் சுருங்கும் என்றும் 1995இல் மற்றோர் ஆய்வாளர் கண்டார். எமது சந்திகளில் நாள் முழுதும் ஒரே கதிரையில் அமர்ந்திருக்கும் காவலைக் காணும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வருவதுண்டு.

இவையாவற்றிலும் தீவகத்துக்கு மிகப் பொருந்துவது 1979இல் லோறன்ஸ் கோகன், மார்க்கஸ் பெல்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட கொள்கை. குற்றம் நிகழ மூன்று ஒருங்கு கூடவேண்டும் என்றனர்: செய்யத் துணிந்தவன், அவனுக்குத் தக்க இலக்கு, காப்பார் இன்மை. இவற்றுள் ஒன்று இல்லையாயினும் குற்றம் நிகழாது. காப்பார் என்று அவர்கள் குறித்தது பொலிஸாரை மட்டும் அன்று. வேலியோரம் ஓலை பின்னும் கிழவி, கடைத் திண்ணையில் பத்திரிகை படிப்பவர், கோயில் வீதியில் விளையாடும் பிள்ளைகள் யாவரும் காப்பாரே. உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் வறுமை குறைந்தும் வீடுடைத்தல் பெருகியது ஏன் என்பதற்கு, பகலில் வீட்டில் ஆளின்மையும் எளிதில் தூக்கிச் செல்லத்தக்க விலையுயர்ந்த பொருள்களின் பெருக்கமும் காரணம் என்று காட்டினர்.

இக்கொள்கையை ஏந்திக்கொண்டு புங்குடுதீவு வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். யான் நடந்தேன். கல்வீடுகள் நிற்கின்றன; கதவில்லை. வளவுகளில் ஈச்சம்பற்றையும் நாயுருவியும் ஆள் உயரம் வளர்ந்திருக்கின்றன. உடையவர்கள் சுவிற்சர்லாந்தில், பிரான்சில், கனடாவில். 1990ஆம் ஆண்டையொட்டிய போர் இடப்பெயர்வுக்குப் பின்னர் தீவகத்திற் பழைய குடித்தொகையின் ஒரு சிறு பங்கே மீண்டது. கதவும் நிலையும் கழற்றிக்கொண்டு போகிறவன் யாருக்கு அஞ்சவேண்டும்? மேயவிட்ட மாடு இறைச்சியாகி வள்ளத்தில் அல்லது வானில் ஏறுகின்றது. மண்கும்பான் மணல் இரவோடு இரவாகப் போகின்றது. கடலால் வரும் கஞ்சாப் பொதி ஆளில்லாக் கரையில் இறங்குகின்றது. துணிந்தவன் எங்கும் உளன். இலக்கும் உளது. இல்லாதவர் ஓலை பின்னிய கிழவிதான். அவ காலமாகிவிட்டா, அல்லது ரொறன்ரோவில் ஒரு தொடர்மாடி வீட்டின் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றா.

இங்கே ஆராய்ச்சி நூல்கள் பேசாத ஒன்றைக் கூறாது மேற்செல்வது நேர்மையன்று. அந்நூல்கள் எழுந்த நாடுகளிலே காவல் போதாமையே குறையாயிருந்தது. எமக்கோ காவல் என்ற பெயரில் வந்தோரே அச்சமாயினர். 1985 மே 15ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலிற் கடற்படையினர் மறித்து, குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். நீதிமன்றில் ஒருவரும் தண்டனை பெற்றிலர். 2006 மே 13ஆந் தேதி அல்லைப்பிட்டியிலும் அயற் கிராமங்களிலும் வீட்டினுள் இருந்தோரும் குழந்தைகளுமாக 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே தீவகத்து மக்கள் கற்ற பாடம் ஒன்றே. கண்டதைக் கண்டதாகச் சொல்லாதே. இரவில் நாய் குரைத்தாற் கதவைத் திறவாதே. ஒரு தலைமுறை இதனைத் தன் பிள்ளைகளுக்கு உயிர்காக்கும் அறிவாகப் போதித்தது. துப்பாக்கி ஓய்ந்த மறுநாளே இந்தப் பாடம் மறந்துபோகும் என எதிர்பார்ப்பது பேதைமை.

2015 மே 13ஆந் தேதி காலை புங்குடுதீவில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பாடசாலைக்குப் புறப்பட்டவள் போய்ச் சேரவில்லை. மறுநாள் பற்றை மண்டிய ஆளில்லா வளவொன்றில் அவளுடைய உடல் கிடைத்தது. கூட்டாக வன்புணர்ந்து கொன்றிருந்தனர். அப்பிள்ளையின் பெயரை இங்கு எழுதுகிலேன். தமிழர் யாவரும் அறிவர். மேலே சொன்ன மூன்று கூறுகளும் எவ்வாறு ஒருங்கு கூடின என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. அவள் சென்ற வீதியோரத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், அக்காலை வேளையில் அந்த வீதியில் எத்தனை கண்கள் இருந்திருக்கும்!

பின்னர் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. ஊரார் கையிற் சிக்கிய முதன்மைச் சந்தேகநபர் எவ்வாறோ கொழும்பு சென்றடைந்தார், அங்கே கைதானார். அவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டின்பேரிற் பொலிஸ் உயரதிகாரி ஒருவரே 2017இற் கைது செய்யப்பட்டார். மே 20ஆந் தேதி யாழ்ப்பாண நீதிமன்றச் சூழலில் மக்கள் திரண்டு கல்லெறிந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். கல்லெறிந்ததை யான் நியாயப்படுத்த வரவில்லை. நீதிமன்றின்மீது கல் விழுந்தமைக்கு வேறொரு காரணம் இருந்தது. தாம் பிடித்துக் கொடுத்தவனைக் காவல் கைவிட்டுவிட்டது என்ற எண்ணமே அது. 2017 செத்தெம்பர் 27ஆந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் யாழ்ப்பாணத்தில் எழுவருக்கு மரணதண்டனை விதித்து, இருவரை விடுதலை செய்தது. தமிழ் மண்ணிலே, தமிழ் நீதிபதிகள் முன், சாட்சியங்கள் வெளிப்படையாக ஆராயப்பட்டுத் தீர்ப்பு வந்தபோது, ஒரு கல்லும் எறியப்படவில்லை.

இதற்கு விளக்கம் தருவது தொம் ரைலர் என்னும் அறிஞரின் ஆய்வு. சிக்காகோவில் 1,575 பேரை வினவி அவர் 1990இல் எழுதிய நூலின் மையம், மனிதர் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது ஏன் என்பது. தண்டனைக்கு அஞ்சி என்பதே எம்மிற் பலர் கூறும் விடை. அவர் கண்டது வேறு. அதிகாரம் முறையானது என்று நம்புவோர் கூடுதலாகக் கீழ்ப்படிகின்றனர். அந்நம்பிக்கையைத் தருவது தமக்குச் சாதகமான முடிவன்று, தம்மை நடத்திய விதம். தன் சொல்லைக் கேட்டார்களா, பக்கஞ் சாராது கேட்டார்களா, மதிப்போடு கேட்டார்களா என்பனவே மக்கள் மனத்தில் நிற்பவை. அத்தகைய காவலுக்கே மக்கள் வலிந்து வந்து செய்தி சொல்வர்.

மதிப்பின் முதற்படி மொழி. சில ஆண்டுகளுக்கு முன் என் துவிச்சக்கரவண்டி களவு போயிற்று. ஒரு பொலிஸ் நிலையத்துக்குச் சென்றேன், எதுவென்று கூறவேண்டியதில்லை. அங்கிருந்த இளைஞர் பண்பானவரே, கதிரை தந்தார். யான் தமிழிற் கூறக்கூற, அரைகுறையாக விளங்கிக்கொண்டு சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கும்படி கொப்பியைத் திருப்பினார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு, படியாமல் ஒன்றிலும் கையெழுத்து வையாதே என்று சொல்லிக் கொடுத்தவன் யான். அன்று வைத்தேன். நேரம் போய்விட்டது, கடைசிப் பேருந்து போய்விடும் என்பது காரணம். வண்டியின் நிறத்தை அவர் எவ்வாறு எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் வருத்தம் தருவது சட்டம் இல்லாமை அன்று; சட்டம் இருக்கின்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழி முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்கின்றது. அவ்வாறு எழுத இயலாவிடின், அவரையே எழுதித் தருமாறு கேட்கவேண்டும். அவரும் இயலாதென்றாலே வேறு மொழியிற் காரணங் குறித்து எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கலாம். யான் எழுதித் தருகிறேன், தாளைத் தாருங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருந்தது என்பதை வீடு வந்தபின்னரே அறிந்தேன். இதனை வாசிக்கும் மாணவர் அதனை இன்றே அறிந்துகொள்க. பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் பரிந்துரைத்தது. பராக்கிரமபாகு கல்லிற் செய்ததையே அவ்வாணைக்குழு கடதாசியிற் கேட்டது.

மொழி தெரிந்தாற் போதுமா? போதாது, இருப்பும் வேண்டும். யப்பான் தேசத்து நாட்டுப்புறங்களிலும் சிறு தீவுகளிலும் சூசைசோ எனப்படும் காவலகங்கள் உள்ளன. அவை வீடும் அலுவலகமும் சேர்ந்தவை. காவலர் ஒருவர் குடும்பத்தோடு அங்கேயே வாழ்கின்றார். அவர் வெளியே சென்றிருக்கையில் வருவோரை மனைவி எதிர்கொள்வதற்கு அரசு படி வழங்குகின்றது. அவர் வீடு வீடாகச் சென்று குடும்ப விபரம் அறிந்து வைத்திருப்பார். தனித்திருக்கும் முதியோர் யாவர் என்பது அவருக்குத் தெரியும். அம்முறையிலும் குறையுண்டு. அரசு ஒவ்வொரு வீட்டையும் அறிந்து வைத்திருப்பது எமது அனுபவத்தில் ஆறுதல் தரும் செய்தியன்று. ஆகவே அப்படியே இறக்குமதி செய்க என்று கூறேன். ஆயினும் சில மாதங்களில் மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தர், தீவின் ஒழுங்கையையும் நாயையும் எங்ஙனம் அறிவார்? கிராம அலுவலர் பிரிவுதோறும் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. யான் சென்ற கூட்டத்திற் பொலிஸார் பேசினர், சனசமூக நிலையத் தலைவர் நன்றி கூறினார், தேநீர் வந்தது. பின்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரும் வாய்திறக்கவில்லை. வெளியே வந்தபின் படலையடியில் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். பற்றை, விளக்கில்லாத வீதி, மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள், குடிபோதையில் மதகடியிற் கூடும் இளைஞர் எல்லாம் அப்பேச்சில் இருந்தன. மினியாப்பொலிஸின் நூற்றுக்கு மூன்று முகவரிகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். கொப்பியில் அதற்கு இடமில்லை.

2023 ஏப்ரில் 22ஆந் தேதி நெடுந்தீவில் இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் முதியோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டிருக்கக் காணப்பட்டனர். படுகாயமுற்ற மூதாட்டி ஒருவரும் பின்னர் இறந்தார். சந்தேகநபர் அன்றே புங்குடுதீவிற் கைதானார். தீவின் இயல்பு இதில் இருபுறமும் வெளிப்படுகின்றது. தனித்த முதியோர் எளிய இலக்கு. ஆயின் வந்தவன் போவதற்கு வழி துறை ஒன்றே. நெடுந்தீவுப் படகும் நயினாதீவுப் படகும் அணையும் குறிகட்டுவான் துறையில் யார் ஏறினார், யார் இறங்கினார், யார் முகம் புதிது என்பதைப் படகோட்டியும் தேநீர்க் கடைக்காரரும் பயணச்சீட்டுக் கொடுப்பவரும் அறிவர். வேறெந்த ஊருக்கும் வாய்க்காத காவல் அது. அவர்கள் சொல்வதைத் தமிழிற் கேட்டு, சொன்னவர் பெயரைச் சந்தியில் உடைக்காத ஓர் உத்தியோகத்தர் துறையிலே இருந்தால், அவருக்கு ஊர்தி ஒன்றும் வேண்டாம்.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோயிற் கோபுரத்துக்கும் கல்லூரி மண்டபத்துக்கும் நீங்கள் வாரி வழங்குவதை யாம் நன்றியோடு காண்கின்றோம். தீவகத்தில் உங்கள் பெயரில் ஒரு வளவு இருக்குமாயின், ஆண்டுக்கு இரண்டு முறை, மாரி முடிந்தவுடன் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும், பற்றையை வெட்டுவிக்க யாரையேனும் ஒழுங்கு செய்க. கிணற்றுக்கு மூடி இடுக. வீதியோரமாயின் ஒரு விளக்குக்குப் பிரதேச சபைக்கு எழுதுக. இயலுமாயின் வீட்டை வாடகையின்றியேனும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துக் குடியிருக்கச் செய்க. ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை அந்த வீதியால்தான் போகின்றது.